பாஸ் வாங்காமல் போன தாய்மாமன்

வில்லியனூர் பக்கத்து மனுஷர்களுக்கு எல்லை என்றால் ஒரு பயமும் கிடையாது. எப்படி இருக்கும்? வில்லியனூரில் பஸ் ஏறி மேற்கே போனால் கண்டமங்கலத்தில் தமிழ்நாடு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் போனால் திருபுவனை, மறுபடியும் பாண்டிச்சேரி. மதகடிப்பட்டைத் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. மாடு மேய்க்கிறவன் காலையில் ஒரு சர்க்காரிலும் மத்தியானம் இன்னொரு சர்க்காரிலும் மேய்த்துவிட்டுப் பொழுது சாய வீட்டுக்கு வருவான். அவனையும் அவன் மாட்டையும் யாரும் பாஸ் கேட்டதில்லை.

கேட்பது பாட்டிலைத்தான். எழுபத்தெட்டாம் வருஷத்தில் அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு கடை. அதனால் எல்லைச் சாவடிக்காரனுக்குப் பாண்டிச்சேரிக்காரன் பை மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். பாண்டிச்சேரிக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. மூன்று பாட்டில் எடுத்துப் போனால் ஒன்று சாவடிக்கு என்று வீட்டிலேயே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்புவான்.

தனிஸ்லாஸ் இந்த வித்தையில் கரை கண்டவர். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பியூன். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, நல்ல மனசு, பொல்லாத சோம்பேறித்தனம். "எந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு, அந்தச் சாவிக்குக் கழுத்து நீளம்" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அவர் வாயில் அடிக்கடி வரும் இன்னொரு வார்த்தை, "பாத்துக்கலாம்." ஓடு ஒழுகுகிறதா, மழை வரட்டும் பாத்துக்கலாம். பஸ் புறப்படப் போகிறதா, அடுத்தது வரும் பாத்துக்கலாம். அவர் பார்த்துக்கொள்ளாத எல்லாவற்றையும் அவர் பெண்சாதி செலின் மேரி பார்த்துக்கொண்டாள்.

ஆனால் எல்லாவற்றையும் பெண்சாதி பார்த்துக்கொள்ள முடியாது. தனிஸ்லாசுக்கு ஒரே தங்கை, அந்தோணி மேரி. மேற்கே மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவள் மகள் ஆரோக்கிய செல்வி பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுபோகவேண்டியவர் ரயிலைத் தவறவிட்டார். சரி, அது போகட்டும். தங்கையின் புருஷன் நெஞ்சுவலியில் பொசுக்கென்று போய்ச் சேர்ந்தபோதும் அவர் போய் இறங்கியது அடக்கம் முடிந்த மறுநாள். கல்லறையில் போட்ட மாலை அதற்குள் வாடியிருந்தது. வந்தவர் வெறும் மண்ணைப் பார்த்து அழுதுவிட்டுத் திரும்பினார்.

அந்த அந்தோணி மேரி இந்த வருஷம் வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு வந்திருந்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோயில் குளத்தங்கரையில் அண்ணனையும் அண்ணியையும் நிற்கவைத்து, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சொன்னாள்:

"த பாருண்ணா. அப்பன் இல்லாத பொண்ணு. அதும் கையப் புடிச்சி கோயிலுக்குள்ள கூட்டிக்கினு போவ தாய்மாமன் நீதான் இருக்கற. கல்லறத் திருநாளுக்கு எம் புருசன் கல்லறைல வருசா வருசம் மெழுகுவத்தி ஏத்தறன். இந்தக் கல்யாணத்துக்கும் நீ வரலன்னா, பக்கத்துல உனக்கும் ஒண்ணு ஏத்திடுவன். எனக்கு அண்ணனும் இல்லன்னு நெனச்சிக்கறன்."

செலின் மேரிதான், "வராம எங்க போவப்போறாரு, நான் இழுத்துக்கினு வரன்டி" என்றாள்.

"அண்ணி, நல்லா கேட்டுக்க. காட்டு வழியாத்தான் வரணும். யானைக் காடு, சர்க்கார் காடு. மலைக்குக் கீழ டவுன்ல ரேஞ்ச் ஆபீஸ் இருக்குது, அங்கயே பாஸ் வாங்கிடணும். கேட்டுல குடுக்க மாட்டாங்க. எஸ்டேட்டுக்கு சாமியார் மாசத்துல ஒரு நாள்தான் வர்றாரு. நாலு மணிக்கு கல்யாணப் பூச. யாருக்காவும் நிக்க மாட்டாரு, முடிச்சிட்டு அடுத்த எஸ்டேட்டுக்குப் போயிடுவாரு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி சொல்ல முடியாது.

தனிஸ்லாஸ் இந்தத் தடவை சோம்பவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். பஸ்ஸையும் ரயிலையும் நம்பாமல், பக்கத்துத் தெரு சிங்காரவேலுவின் அம்பாசடர் காரை வாடகைக்குப் பேசினார். பட்டுப்புடவை, மாலை, மோதிரம், பழத்தட்டு எல்லாம் செலின் மேரி கட்டி வைத்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று மூன்று பாட்டிலை அவரே பேப்பரில் சுற்றி வைத்தார். முதல்நாளே கிளம்பி, கல்யாணத்தன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் மலையடிவார டவுனுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். தனிஸ்லாஸ் ஒரு இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. வினையும் அங்கேதான் பிடித்தது, நேரத்தோடு வந்த மிதப்பில்.

ரேஞ்ச் ஆபீஸ் பூட்டியிருந்தது. பத்து மணிக்குத் திறப்பார்கள் என்றார் எதிர்த்த டீக்கடைக்காரர்.

"உக்காந்து வாங்கிக்கினே போவலாங்க" என்றாள் செலின் மேரி. "உங்க தங்கச்சி படிச்சிப் படிச்சி சொல்லிச்சி."

"பத்து மணி வரைக்கும் இங்க குந்திக்கினு இன்னா பண்றது? வில்லியனூர்லேந்து மதகடிப்பட்டு போறதுக்குள்ள எத்தினி எல்ல தாண்டறோம். எவன்கிட்ட முன்னாடியே பாஸ் வாங்கனோம்? கேட்டுல ஆள் இருப்பான் இல்ல, பாத்துக்கலாம்."

"இது நம்மூரு இல்லீங்க."

"எல்லா ஊர்லயும் மனுசன் ஒருத்தன்தான். ஏறுடி."

செலின் மேரிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் ஏறினாள். முப்பது வருஷமாக அப்படித்தானே ஏறிக்கொண்டிருக்கிறாள்.

கீழ் கேட்டில் தங்கவேல் என்ற ஒல்லியான காவலாளி இருந்தார். குறுக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "பாஸ் இருக்குதுங்களா?" என்றார். இல்லை என்றதும், "இங்க குடுக்கறதில்லீங்க. ரேஞ்ச் ஆபீசுக்குப் போயி வாங்கிட்டு வாங்க" என்று வந்த வழியைக் கை காட்டினார்.

தனிஸ்லாஸ் இறங்கி அவர் தோளில் கையைப் போட்டுக் காரின் பின்பக்கம் அழைத்துப் போனார். கல்யாணம், தாய்மாமன், அப்பன் இல்லாத பெண் என்று எடுத்துச் சொன்னார். கேட்டு முடித்த தங்கவேல், "பாவந்தானுங்க, ஆனா முடியாதுங்களே" என்றார். அப்புறம் பேப்பர் சுற்றிய பாட்டில் ஒன்று கைமாறியது. தங்கவேல் வேண்டாம் என்று ஒரு முறை தள்ளினார். மறுமுறை தள்ளவில்லை.

"மேல் கேட்டுல கேட்டா எம் பேரச் சொல்லிப்போடாதீங்க. ஊட்டுல மூணு பொட்டப்புள்ளைங்க" என்றார், கம்பத்தைத் தூக்கிக்கொண்டே.

காருக்குள் வந்து உட்கார்ந்த தனிஸ்லாஸ் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. "இன்னாமோ சொன்னியே? பத்து மணியாம், ரேஞ்ச் ஆபீசாம்." சிங்காரவேலுவும் சேர்ந்து சிரித்தான். காடு இரண்டு பக்கமும் மூங்கிலாக அடைத்துக்கொண்டு வந்தது. ஒரு இடத்தில் மான் கூட்டம் ஓடியது. செலின் மேரி மட்டும் மானைப் பார்க்காமல், "மேல் கேட்டுன்னு ஒண்ணு இருக்குதாமே?" என்றாள்.

அதுதான் தனிஸ்லாஸ் யோசிக்காத சங்கதி. அவர் பழகிய எல்லையில் ஒரு சாவடியைத் தாண்டினால் வேலை முடிந்தது, அந்தப் பக்கம் வெட்டவெளி. இந்தக் காட்டுக்கு இரண்டு வாசல். உள்ளே வந்த சீட்டைக் காட்டினால்தான் வெளியே விடுவார்கள். எலிப்பொறியிலும் உள்ளே போகிற வாசல் திறந்துதான் இருக்கும்.

மேல் கேட்டில் இருந்தவர் பாரஸ்டர் மணவாளன். காக்கிச் சட்டை கழுத்துவரை பொத்தான் போட்டவர். கூட இரண்டு வாட்சர்கள். "பாஸ் குடுங்க" என்று கையை நீட்டினார்.

"கீழ ஆபீஸ் தொறக்கலீங்க..."

"அப்ப கீழ் கேட்டுல எப்படி விட்டாங்க?"

தனிஸ்லாசுக்கு அந்த மூன்று பெண் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. "கேட்டு தொறந்து கெடந்திச்சி" என்றார்.

"காவலுக்கு ஆரு இருந்தா?"

"யாரும் இல்ல."

மணவாளன் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, பேசித் தணிக்கலாம். அவர் மரியாதையாகவே சொன்னார்: "பாஸ் இல்லாத வண்டி உள்ள வந்ததே குத்தமுங்க. முன்னால விட்டா எம் மேல குத்தம். திரும்பிப் போனீங்கன்னா காட்டுக்குள்ள மறுபடியும் பாஸ் இல்லாம போறீங்க, அதுவும் குத்தம். ஓரமா நிறுத்துங்க. சாயங்காலம் ரேஞ்சர் ஜீப்புல வருவாரு. அவரு வந்து வண்டியச் சோதன போட்டு, அபராதம் எழுதினாத்தான்."

"இங்க நிக்கலாமா?"

"நிக்கவும் கூடாதுதானுங்க. என்ன பண்றது."

"பாஸ் இங்கயே ஒண்ணு போட்டுக் குடுத்திடுங்களேன். எவ்ளோன்னாலும்..."

"இங்க விக்கறதில்லீங்க. முன்னாலயே வாங்கியிருக்கோணும்."

நாலு மணிக்குக் கல்யாணம் என்று தனிஸ்லாஸ் கெஞ்சினார். நடந்தாவது போகிறேன் என்றார். பதினாறு மைல் மலைப்பாதை, நேற்றுத்தான் ஒற்றை யானை ஒன்று ரோட்டில் நின்றது, நடக்கவிட முடியாது என்றார் மணவாளன். கடைசியில் தனிஸ்லாஸ் தன் சாவியை எடுத்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, கட்டை விரலை வாய்க்கு நேரே தூக்கிக் காட்டி, கண்ணைச் சிமிட்டினார்.

"எங்கப்பன் அதுலதானுங்க செத்தாரு" என்றார் மணவாளன். அவ்வளவுதான் சொன்னார், கேட்டை நோக்கி நடந்துவிட்டார்.

தனிஸ்லாஸ் காருக்குத் திரும்பினார். அப்போதுதான் 'சோதனை' என்ற வார்த்தை அவருக்கு உறைத்தது. மீதி இரண்டு பாட்டிலும் பின்சீட்டுக்கு அடியில், செலின் மேரியின் காலுக்குக் கீழே கிடந்தன. மதுவிலக்கு ஊரில் பாட்டிலோடு பிடிபட்டால் அபராதத்தோடு விடமாட்டார்கள், ஸ்டேஷன், கோர்ட்டு என்று போகும். அவர் சொல்லாமலே செலின் மேரிக்குப் புரிந்திருந்தது. புடவையை அகல விரித்து, கால் இரண்டையும் சேர்த்து ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவளால் இறங்க முடியவில்லை. மே மாத வெயில் காரின் கூரையைக் காய்ச்சியது. நல்ல மனசுக்கார வாட்சர் ஒருத்தர் வந்து, "மரத்தடில உக்காருங்கம்மா" என்றார். "வேணாங்க, மூட்டு வலி" என்றாள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தால் எழுந்துபோக வேண்டிவரும் என்று உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள். அவளுக்கு எந்த மூட்டிலும் வலி இல்லை, நேற்று வரைக்கும்.

"ரெண்டையும் தூக்கி மூங்கிலுக்குள்ள கடாசிடட்டாண்ணா?" என்று சிங்காரவேலு கிசுகிசுத்தான்.

"அதோ பாரு, நம்ம பம்பர் மேலயே ஒருத்தன் குந்திக்கினு இருக்கான். சத்தம் கேக்காது?"

சிங்காரவேலு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கார்க் கதவுகள் நாலும் திறந்துதான் கிடந்தன. இருந்தும் மூன்று பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கம்பம், பின்னால் காடு, காலடியில் பாட்டில். செலின் மேரி கல்யாண மாலையிலிருந்து ஒரு வாடின பூவைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"மூணு மணி நேரம் குந்திக்கினு இருந்தா பாஸ் கெடச்சிருக்கும். இப்ப எத்தினி நேரமா குந்திக்கினு இருக்கறம்? பாத்துக்கலாம், பாத்துக்கலாம்... நல்லா பாத்துக்கினீங்க."

வேறு சமயமாக இருந்தால் தனிஸ்லாஸ் ஏதாவது வேடிக்கை பேசிச் சமாளித்திருப்பார். இப்போது குறுக்குக் கம்பத்தையே பார்த்தார். கோயில் வாசலில் வெள்ளைப் புடவையில் தங்கச்சி நின்று ரோட்டையே பார்ப்பது கண்ணில் நின்றது. குளத்தங்கரையில் அவள் அழாமல் பேசியது ஞாபகம் வந்தது. அழுது பேசினால் அண்ணன்மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். அவள் அழவே இல்லையே.

உச்சி வெயில் சாய்கிற நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஒரு லாரி ஹார்ன் கேட்டது. எஸ்டேட் லாரி. கண்ணாடியில் வருஷ பாஸ் ஒட்டியிருந்தது. அரிசி மூட்டை, காய்கறி, மேலே வாழையிலைக் கட்டு. மணவாளன் டிரைவரிடம் ஏதோ பேசினார். டிரைவர் எட்டிப் பார்த்து, "அந்தோணியம்மா ஊட்டுக் கல்யாணத்துக்குங்களா? அதுக்குத்தானுங்க எலை ஏத்திட்டுப் போறேன்" என்றார்.

வாழையிலைக்குப் பாஸ் இருந்தது. தாய்மாமனுக்கு இல்லை.

மணவாளன் காருக்கு வந்தார். "லாரியில முன்னால ஒரு ஆள் உக்கார எடம் இருக்குதுங்க. வண்டிக்குப் பாஸ் இருக்கறதால விடலாம். கார் வாடகைக் கார், டிரைவர மட்டும் நம்பி விட முடியாது. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ரேஞ்சர் வர்ற வரைக்கும் வண்டியோட இருக்கோணும். தாய்மாமன்தானுங்களே வேணும்? நீங்க ஏறுங்க."

தனிஸ்லாசுக்குப் போன உயிர் திரும்பியது. சீர்த்தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். மாலைப் பொட்டலத்தைக் கையில் மாட்டினார். நாலு மணிக்குள் போய்விடலாம். தங்கச்சி முகத்தைப் பார்க்கலாம்.

"போங்க" என்றாள் செலின் மேரி. "மொதல்ல போயி சேருங்க. நான் குந்திக்கினு கெடக்கறன்."

லாரிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். தட்டை டிரைவர் வாங்கிக்கொண்டார். ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். காருக்குள் செலின் மேரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புடவை அப்படியே விரித்திருந்தது. முகத்தில் வியர்வை ஓடியது, துடைக்கவில்லை. சாயங்காலம் ரேஞ்சர் வருவார். பின்சீட்டைத் தூக்குவார். இது யாருடையது என்று அவளைத்தான் கேட்பார். அவளும், என்னுடையது என்றுதான் சொல்லுவாள். முப்பது வருஷமாக இவருடையதையெல்லாம் அவள் தன்னுடையது என்றே சொல்லி வந்திருக்கிறாள்.

தனிஸ்லாசுக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு காரியத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள முடியாது, இங்கேயே பார்த்தாகவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. காலைக் கீழே எடுத்தார்.

"என்னாச்சுங்க?" என்றார் லாரி டிரைவர்.

"எம் பொண்டாட்டி வரும். நான் இருக்கறன்."

காருக்கு வந்து மறுபக்கத்துக் கதவு வழியாக ஏறினார். "நீ போ" என்றார்.

"நான் போயி இன்னா பண்ண? தாய்மாமன் நானா? உங்க தங்கச்சி சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல. நீ போடி. இந்த எடத்துல நான் குந்தறன்."

செலின் மேரி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்தாள். அவர் தன் வேட்டியை விரித்து, தன் காலை முதலில் ஊன்றி, அதற்குப் பிறகு அவள் காலை எடுக்கச் சொன்னார். கால் மரத்துப்போய் அவளால் நிற்க முடியவில்லை. வாட்சர் கைகொடுத்து லாரியில் ஏற்றிவிட்டார். மணவாளன் கம்பத்தைத் தூக்கினார். லாரி போனது. கம்பம் மறுபடியும் விழுந்தது.

நாலு மணி எப்போது ஆனது என்று தனிஸ்லாசுக்குத் தெரியாது. வெயிலை வைத்து ஒரு கணக்குப் போட்டார். இப்போது பூசை ஆரம்பித்திருக்கும். இப்போது தாலி கட்டியிருப்பான். அப்பன் இல்லாத பெண்ணின் கையை யார் பிடித்துப் போனார்களோ. ஐம்பது வயது மனுஷன், விசும்பி விசும்பி அழுதார். சிங்காரவேலு இறங்கிப் போய்க் காற்றடித்திருந்த டயரையே காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணவாளன் ஒரு தம்ளரில் கறுப்பு டீ கொண்டுவந்து நீட்டினார். தனிஸ்லாஸ் வாங்கவில்லை.

"சார், என் காலுக்குக் கீழ ரெண்டு பாட்டில் இருக்குது. என்னுது. இவனுக்கும் தெரியாது, எம் பொண்டாட்டிக்கும் தெரியாது."

"தெரியுமுங்க" என்றார் மணவாளன். "ஒண்ணுல மூடி கசியுது. காலைலிருந்து வாசம் வருது. அந்தம்மா உக்காந்திருந்தாங்க, எப்படி எந்திரிக்கச் சொல்றதுன்னு கம்முனு இருந்தேன்." பாட்டில்களை எடுத்து, காரின் முன்பக்கம் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார். "அப்ப கீழ் கேட்டுலயும் ஒண்ணு எறங்கியிருக்கு."

"கேட்டு தொறந்துதான் கெடந்திச்சி" என்றார் தனிஸ்லாஸ்.

மணவாளன் தம்ளரை மறுபடியும் நீட்டினார். "செரி. ரேஞ்சர் வந்தா நீங்களே சொல்லுங்க" என்று டீயை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார்.

ரேஞ்சர் வரவில்லை. ஜீப் ரிப்பேர், காலையில்தான் வருவார் என்று சைக்கிளில் சேதி வந்தது. ராத்திரிக்கு அங்கேயேதான். இனி பாட்டில் மேல் உட்காரவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் தனிஸ்லாஸ் அந்த இடத்தைவிட்டு எழவில்லை.

பொழுது இறங்குகிற நேரத்துக்கு லாரி தேயிலைப் பெட்டிகளோடு திரும்பி வந்தது. செலின் மேரி ஒரு பெரிய இலைப் பொட்டலத்தோடு இறங்கினாள். காருக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தனிஸ்லாஸ் கேட்கப் பயந்துகொண்டு அவள் கையையே பார்த்தார்.

"கோயில் படியாண்ட போயிட்டன்" என்றாள் அவள். "லாரி நின்னதும் உங்க தங்கச்சி ஓடியாந்திச்சி. என்னயப் பாக்கலீங்க. எனக்குப் பின்னாடி, லாரிக்குள்ள எட்டி எட்டிப் பாத்திச்சி."

தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பால?"

"ஒண்ணும் கேக்கல. மாலைய வாங்கி, 'அண்ணி, அவன் எடத்துல நீ கையப் புடிச்சி கூட்டிக்கினு போ'ன்னுச்சி. கூட்டிக்கினு போனன். தாலி கட்னாங்க. செல்வி அழகா இருந்திச்சிங்க."

"நான் ஏன் வரலன்னு..."

"சாப்பாட்டு நேரத்துல சொன்னன். லாரில ஏற வந்துட்டு எறங்கிட்டாரு, பாட்டில் மேல குந்திக்கினு இருக்காருன்னன். சிரிச்சிச்சி. அப்பால அழுவிச்சி. ரொம்ப நேரம் அழுவிச்சி." செலின் மேரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "இத்த உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சி."

ஒரு வெள்ளை மெழுகுவத்தி. புதுசு. திரியில் கறுப்பே இல்லை.

"உங்களுக்குன்னு வாங்கி வெச்சிருந்திச்சாம். ஏத்தல."

தனிஸ்லாஸ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூங்கில் காடு சட்டென்று இருட்டியது. செலின் மேரி பொட்டலத்தைப் பிரித்தாள், கல்யாணச் சோறும் கறியும் மணத்தது.

"காலைல இவங்க விட்டாங்கன்னா, நேரா ரேஞ்ச் ஆபீஸ்" என்றாள். "பாஸ் வாங்கிக்கினு திரும்பி வந்து பொண்ணையும் மாப்ளயையும் பாத்துட்டுதான் ஊருக்கு."

"தொறக்கறதுக்கு முன்னாடியே போயி வாசல்ல குந்திக்கறன்" என்றார் தனிஸ்லாஸ்.

முன்சீட்டிலிருந்து சிங்காரவேலு, "இருட்டுல சோறு எது எலும்பு எதுன்னே தெரியலக்கா. அந்த மெழுகுவத்தியத்தான் ஏத்தேன்" என்று தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு கையை நீட்டினான்.

"டேய்! ஏத்தாதடா!"

தனிஸ்லாஸ் போட்ட சத்தத்தில் கேட்டிலிருந்து மணவாளனும் வாட்சர்களும் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். சிங்காரவேலு பயந்துபோய்க் குச்சியை ஊதி அணைத்தான். தனிஸ்லாஸ் மெழுகுவத்தியைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகி, பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதன்பின் மூன்று பேரும் இருட்டிலேயே, இலையைத் தடவித் தடவிச் சாப்பிட்டார்கள்.